பிள்ளையாரோடு போன சாவி

ஒரு செய்தியைப் பிறர் அறியாதவாறு காத்தவர்கள் உலகில் பலர் உண்டு. காத்தவனே திறக்க இயலாதவாறு காத்த பெருமை, நான் அறிந்தவரையில், இம்மும்பை மாநகரில் என் ஒருவனையே சாரும். இதனை மிகுந்த பணிவோடு ஒப்புக்கொள்கிறேன். இவ்வரலாற்றை என் மனைவி முத்துலெட்சுமி உறவினர் கூடும் இடமெல்லாம் சொல்லி வருகிறாள். அவள் சொல்லும்போது என் தரப்பு நியாயங்கள் தவறாமல் விடுபட்டுப்போவதால், அவற்றையும் சேர்த்து எழுதிவைப்பது என் கடமையாயிற்று. (எழுதி முடித்தபின் படித்துப் பார்த்தேன். என் தரப்பில் நியாயம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆயினும் எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை.)

தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறை ஒன்றில் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு, நெல்லைப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய எங்கள் மக்களின் சங்கத்தில் வரன் பதிவுப் பொறுப்பை ஏற்றேன். மணமகன், மணமகள் விவரங்களை ஒரு தடித்த நோட்டில் எழுதிவைத்து, பொருத்தமானவர்களை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்வது என் பணி. பெயர், வயது, வேலை, நட்சத்திரம் ஆகியவற்றுக்குக் கீழே 'பிற விவரங்கள்' என்று ஒரு கட்டம் உண்டு. மனிதர்கள் வெளியில் சொல்லத் தயங்குவதை என்னிடம் சொல்லும் இடம் அது. உரிய நேரத்தில் எதிர்த்தரப்புக்கு நானே அதனைப் பக்குவமாக எடுத்துரைப்பேன் என்பது ஏற்பாடு.

செம்பூரில் தாயோடு வசிக்கும் தங்கபுஷ்பம் அக்கட்டத்தில் ஒரே ஒரு வரி எழுதச் சொன்னாள். அவளுக்கு வயது முப்பத்தாறு. இரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை. ஊரில் அவளுக்கு ஒரு திருமணம் நடந்து, எட்டே மாதத்தில் முறிந்திருந்தது. அதன் பிறகே தாயும் மகளும் மும்பைக்கு வந்தார்கள்.

"என் வாயால சொல்ல வரமாட்டேங்கு அண்ணாச்சி. நீங்க சொல்லிருங்க" என்றாள். எழுதிக்கொண்டேன்.

ஒருநாள் தம் மகனுக்குப் பெண் தேடி ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். அவருக்குத் தேநீர் வாங்க நான் தெருமுனை நாக்கா வரை சென்று திரும்புவதற்குள், மேசைமேல் இருந்த நோட்டை அவர் முதலிலிருந்து கடைசிவரை புரட்டிவிட்டார். (விருந்தோம்பலால் விளைந்த கேடு.) அப்போது தங்கபுஷ்பத்துக்கு ஓர் இடம் பேசிக்கொண்டிருந்தோம். நான் எடுத்துரைப்பதற்கு முன்பே செய்தி அங்கே போய்ச் சேர்ந்தது. "மறைச்சுப் பொண்ணு குடுக்கப் பாத்தாவ" என்று சொல்லி அவர்கள் விலகிக்கொண்டார்கள்.

தங்கபுஷ்பம் சண்டையிட வரவில்லை. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, "உங்ககிட்ட மட்டும்தான அண்ணாச்சி சொன்னேன்" என்றாள். பிறகு போய்விட்டாள். அவள் ஏசியிருந்தால் நான் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன்.

என் வாட்டத்தைக் கண்டவள் மருமகள் பிரின்சி. இவ்வூரிலேயே, விக்ரோலியில் பிறந்து வளர்ந்தவள். இணையதளங்கள் அமைப்பது அவள் தொழில். தமிழை நன்றாகப் பேசுவாள். படிப்பதென்றால் பேருந்துப் பலகையைப் படிப்பதுபோல் எழுத்து எழுத்தாகக் கூட்டுவாள். சங்கத்துக்கு ஓர் இணையதளம் தானே செய்து தருவதாகச் சொன்னாள்.

"மாமா, ஏக் மினிட், நல்லாக் கேளுங்க. நீங்க டைப் பண்றது எல்லாம் உங்க லேப்டாப்லயே, அந்த ப்ரவுசர்க்குள்ளயே பூட்டிடும். பூட்டின பொட்டிதான் சர்வருக்குப் போகும். சாவி போகவே போகாது."

"அந்த சர்வர்க்காரன் தொறந்து பாத்துட்டாம்னா?"

"பார்த்தாலும் கச்ரா, குப்பை மாதிரிதான் தெரியும். ஒண்ணும் புரியாது."

"நீ?"

"நானும் படிக்க முடியாது. சாவி உங்ககிட்ட மட்டும்தான்."

"ஒங்க அத்த?"

"அத்தையும் முடியாது மாமா."

என் ஐயங்கள் அனைத்தும் அக்கடைசி விடையில் நீங்கின.

"ஆனா ஒண்ணு" என்று பிரின்சி விரலை உயர்த்தினாள். "சாவி தொலைஞ்சா கதை கதம். 'பாஸ்வேர்டு மறந்துட்டேன்'னு அமுக்க இதுல பட்டனே கிடையாது. யார் கால்ல விழுந்தாலும் திரும்பி வராது. அதனால ரெண்டு இடத்துல எழுதி வைங்க. ஒண்ணை என்கிட்ட குடுங்க."

இவ்வெச்சரிக்கையைக் கவனத்துடன் கேட்டு, அதே கவனத்துடன் நிராகரித்தேன். இரண்டு இடத்தில் வைப்பது இரண்டு கள்வர்களுக்கு அழைப்பு விடுப்பதாகும் என்பது என் வாதம்.

நாற்பத்தொரு பேரின் விவரங்களை ஒற்றை விரலால் மூன்று மாதம் தட்டினேன். அதுவரை சோதனைக்காக ஓர் எளிய சாவி இருந்தது. பணி முடிந்ததும் அதனை நீக்கிவிட்டு, உண்மையான சாவியைக் கணினியே உருவாக்கித் தரும்படி கேட்டேன்.

"நீங்களே ஒரு வார்த்தை வைங்க மாமா. ஞாபகம் இருக்கும்."

"ஞாபகம் இருந்தா ஒங்க அத்த கேட்டதும் சொல்லிருவேன். எனக்கே மனப்பாடம் ஆவாத மாதிரி ஒண்ணு குடு."

என் மனவலிமையின் எல்லையை நான் நன்கு அறிவேன். இருபத்து நான்கு எழுத்துகள் வந்தன. ஆங்கில எழுத்தும் எண்ணும் குறியும் ஒன்றோடொன்று உறவே இல்லாமல் நின்றன. அவற்றை ஒரு சீட்டில் எழுதி, மூன்றுமுறை சரிபார்த்து, நான்காக மடித்தேன்.

அத்துடன் நின்றிருக்கலாம். பழைய நோட்டு இருக்கும்வரை ஆபத்தும் இருக்கும் என்று தோன்றவே, அதனைப் பழைய காகிதம் கூழாக்கும் பட்டறைக்கு எடுத்துச் சென்றேன். எங்கள் தாராவியில் எப்பொருளையும் வேறு பொருளாக மாற்றிவிடும் பட்டறைகளுக்குக் குறைவில்லை. நோட்டு தண்ணீர்த் தொட்டியில் ஊறி, கரைந்து, சாம்பல் நிறக் கஞ்சியாகும்வரை பக்கத்தில் நின்று பார்த்தேன். அங்கிருந்த தொழிலாளி, "சாச்சா, எதுவும் கேஸா?" என்று இந்தியில் பரிவோடு விசாரித்தார்.

மறுநாள் பிள்ளையார் சதுர்த்தி. பம்பாய்க்கு வந்த நாளிலிருந்து, இவ்வூர் வழக்கப்படி, எங்கள் வீட்டிலும் களிமண் பிள்ளையாரை வைத்து ஒன்றரை நாள் பூசை செய்து கரைப்போம். எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் முதலில் சுவாமியின் காலடிக்குத்தான் போகும். மகனின் தேர்வுச் சீட்டு, முதல் கல்யாணப் பத்திரிகை, பிரின்சியின் வேலை உத்தரவு எல்லாம் அங்கே இருந்து எழுந்தவைதாம். எனவே சாவிச் சீட்டையும் பிள்ளையாரின் அடிப்பாகத்துக்கும் மணைப்பலகைக்கும் இடையே செருகிவைத்தேன். அவரைவிட நம்பிக்கையான காவலர் யார்?

மறுநாள் பிற்பகல் பூசை முடிந்ததும் பலகைமேல் கிடந்த மடித்த சீட்டை எடுத்து என் டைரிக்குள் பத்திரப்படுத்தினேன். பின்னர் பிள்ளையாரை நானே தலையில் சுமந்து, மாநகராட்சி அமைத்திருந்த செயற்கைக் குளத்துக்குச் சென்றேன். மூன்றுமுறை முக்கி எடுத்து விடவேண்டும். "கணபதி பப்பா மோரியா" என்று அன்றைக்கு என்னைப்போல் உரக்கக் குரல் கொடுத்தவர் எவரும் இலர் என்று பக்கத்து வீட்டு மராத்தியரே பாராட்டினார்.

அடுத்த ஞாயிறு சங்கக் கூடத்தில் தொடக்க விழா. பதிந்திருந்த குடும்பங்கள் பலவும் வந்திருந்தன. தங்கபுஷ்பத்துக்கு அன்று வேலை, வரவில்லை. ஆனால் மூன்றாம் வரிசையில் பாண்டுப்பிலிருந்து வந்த சுடலைமணி அமர்ந்திருந்தார். லேத் பட்டறை ஒன்றில் மூத்த மெக்கானிக், அமைதியானவர். தங்கபுஷ்பத்துக்கு இவர் பொருந்துவார் என்று எனக்குத் தோன்றியிருந்தது. முந்தைய வாரமே அவளிடம் சொல்லி, "இந்த மட்டம் நானே பக்குவமா எடுத்துச் சொல்லுதேன். அதுவரைக்கும் ஈ காக்காக்குத் தெரியாது" என்று வாக்கும் கொடுத்திருந்தேன். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

மேடையில் கணினி, பின்னால் திரை. நான் ஒலிபெருக்கியைப் பிடித்தேன். சங்கத் தீர்மானங்களை எழுதி எழுதியே தமிழ் கற்றவன் ஆதலால், சந்தர்ப்பம் கிடைத்தால் சுருக்கமாகப் பேசும் வழக்கம் எனக்கில்லை.

"பெரியோர்களே, தாய்மார்களே! உங்கள் இரகசியங்கள் இனிக் காற்றிலும் கசியா. இப்பெட்டகத்தின் சாவி இவ்வுலகில் ஒரே ஒருவரிடம் மட்டுமே உள்ளது!"

கைதட்டல். (அச்சொல் முற்றிலும் உண்மையாயிற்று. அந்த ஒருவர் நான் அல்லர் என்பதே வேறுபாடு.)

டைரியிலிருந்து சீட்டை எடுத்து, பிரிக்காமலே பிரின்சியிடம் நீட்டினேன். அவள் பிரித்தாள். அவள் முன்னால் இன்னோர் ஒலிபெருக்கி உயிரோடிருந்தது.

"எ... ருக்... கம்... பூ... மா... லை" என்று கூட்டினாள். "அ... று... கம்... புல்... ரெண்டு கட்டு. மாமா, இதுதான் பாஸ்வேர்டா?"

அது பூசைச் சாமான்களுக்காக என் மனைவி எழுதிய பட்டியல். கூடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிரிப்பு. பெண்கள் பகுதியிலிருந்து முத்துலெட்சுமி எழுந்து நின்றாள்.

"ஏங்க, சாமிக்கு அடியில ஒரு காயிதம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சே, அதுவா?"

"அதேதான். எங்க அது?"

"எங்கன்னா? அத நான் உருவப் போனேன். 'சாமி காலடியில இருக்கதத் தொடாத'ன்னு சத்தம் போட்டது யாரு? அப்படியே தலையில தூக்கிட்டுப் போயி முக்குனது யாரு?"

இரு வினாக்களுக்கும் விடை ஒன்றே. நான் அதனை ஒலிபெருக்கியில் சொல்ல விரும்பவில்லை.

என் நினைவில் நின்ற ஏழெட்டு எழுத்துகளை வைத்துப் பிரின்சி எதை எதையோ தட்டிப் பார்த்தாள். திரை ஒவ்வொரு முறையும் சிவப்பில் மறுத்தது. இறுதியில் கணினியை மெல்ல மூடி, "மாமா, போச்சு" என்றாள். எனக்கு மட்டும் கேட்கவேண்டும் என்று தாழ்த்திச் சொன்னாள். அவளுடைய ஒலிபெருக்கிக்கு அந்த நாகரிகம் இல்லை.

முன்வரிசையில் இருந்த எங்கள் சங்கத்தின் மூத்த உறுப்பினர் எழுந்தார். அவருக்கும் எனக்கும் முப்பதாண்டுப் பழக்கம். அதனால் இரக்கம் காட்டவில்லை.

"என்னவே, பிள்ளையாருக்கு இன்னும் கல்யாணம் ஆவலன்னு வருத்தப்பட்டு நாப்பத்தொரு ஜாதகத்தையும் அவருக்கே அனுப்பிட்டீரா?"

கூடம் அதிர்ந்தது. (இம்மராட்டிய மண்ணில் அவருக்கு இரு மனைவியர் என்பார்கள், எங்கள் பக்கத்தில் பிரம்மசாரி. ஆகவே எங்கள் பிள்ளையாருக்கு அவ்விவரங்கள் பயன்பட்டிருக்கவும் கூடும்.)

அனைவரும் சென்றபின் நாற்காலிகளுக்கு நடுவே அமர்ந்திருந்தேன். நாற்பது பேரிடம் மறுபடி கேட்டு எழுதிக்கொள்ளலாம். எழுதுவதற்குக் கை வலிக்கும், அவ்வளவே. ஆனால் தங்கபுஷ்பத்தின் அந்த ஒரு வரியை, எனக்கு நினைவிருந்தாலும், அவளைக் கேளாமல் மறுபடி எழுதலாகாது. முதல்முறை அதைச் சொல்ல அவளுக்கு அரைமணி நேரம் ஆயிற்று.

நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபடி சுடலைமணி பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, பழைய ஃபாரம் இனி வரவே வராதுல்லா?"

"வராது."

"நெசமாவா?"

"நெசமாத்தான். மன்னிக்கணும்."

அவர் முகம் தெளிந்தது. "அப்பம் புதுசா ஒண்ணு குடுங்க. பழசுல வயசு மூணு கொறச்சு எழுதிட்டேன். நாப்பத்தொண்ணு எனக்கு. அன்னையில இருந்து தூக்கமில்ல."

அன்று மாலையே செம்பூருக்குப் பேருந்து ஏறினேன். முத்துலெட்சுமி கூட வருவதாகச் சொன்னாள். இதனை நான் தனியாகவே போய்ப் படவேண்டும் என்று மறுத்துவிட்டேன். தங்கபுஷ்பம் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"மறுபடியும் யாரும் படிச்சிட்டாவளா அண்ணாச்சி?"

"இல்லம்மா. இனிமே யாருமே படிக்க முடியாது."

நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். எருக்கம்பூ மாலையையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"நோட்டு?"

"கூழாப் போச்சு."

"பிரின்சி?"

"அவளாலயும் முடியாது."

"அந்தக் கம்ப்யூட்டர் வச்சிருக்கவங்க?"

"அவங்ககிட்ட இருக்கது பூட்டுன பொட்டி மட்டும்தான். வெறும் கச்ரா."

"அப்பம் அது எங்கயுமே எழுதல?"

"எங்கயும் இல்ல. எம் மனசுல மட்டும் இருக்கு. அதுக்கும் வயசாயிட்டு."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்தாள். முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. நான் என்ன செய்வதென்று தெரியாமல், என் டைரியைக் கொண்டு அவளுக்கு விசிறினேன். உள்ளிருந்து அவள் தாய் எட்டிப் பார்த்து, தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டுப் போனாள்.

சற்றுநேரம் கழித்துத் தங்கபுஷ்பம் முகத்தைத் துடைத்தாள். "அண்ணாச்சி, அத மறுபடி எழுதாதீங்க. பூட்டி வைக்கவும் வேண்டாம். அவரு கிட்ட நானே சொல்லுதேன்."

"ஒன் வாயால வரமாட்டேங்குன்னியே?"

"எங்கயோ எழுதிருக்கு, யாரோ படிச்சிருவாவன்னு நெனச்சா வராது. இப்பம் எங்கிட்ட மட்டும்தான இருக்கு. நான் குடுத்தாத்தான் கிடைக்கும்."

மூன்று மாதம் ஒற்றை விரலால் நான் கட்டிய பெட்டகத்தைப் பற்றி இதைவிடத் தெளிவாகப் பிரின்சிகூட விளக்கியதில்லை.

அடுத்த ஞாயிறு காலை, மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் ஒரு சிற்றுண்டிச் சாலையில் இருவரையும் சந்திக்க வைத்தோம். அவர்கள் ஒரு மேசையில். இரண்டு மேசை தள்ளி நானும் முத்துலெட்சுமியும். வெளியே இடத்துக்காகக் காத்திருந்த கூட்டம் எங்கள் இட்லித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. தங்கபுஷ்பம் நெடுநேரம் தலைகுனிந்திருந்தாள். பிறகு பேசத் தொடங்கினாள்.

"என்ன சொல்லுதா? உங்களுக்குக் கேக்கா?" என்றாள் முத்துலெட்சுமி.

"கேக்கல. அடுத்தவங்க பேச்ச ஒட்டுக் கேக்கக் கூடாது."

"கேக்கலன்னா ஏன் இவ்வளவு சாஞ்சிருக்கீங்க? முழங்கை சாம்பார்ல இருக்கு."

எடுத்துத் துடைத்தேன். அதற்குள் அங்கே தங்கபுஷ்பம் பேசி முடித்திருந்தாள். சுடலைமணி தமக்கு வந்த காபியை டபராவில் ஊற்றி ஆற்றினார். ஆற்றிய காபியை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு ஏதோ சொன்னார். மிகச் சில சொற்கள்தாம் இருக்கும். அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்தாள். காபியைக் குடித்தாள்.

என்ன சொன்னார் என்பது எங்களுக்குக் கேட்கவில்லை. முத்துலெட்சுமி மட்டும் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, குடிச்சிட்டா" என்றாள்.

தை மாதம் செம்பூரில் ஒரு முருகன் கோயிலில் திருமணம் நடந்தது. என்னை மேடைக்கு அழைத்து மாலை போட்டார்கள். பேசச் சொல்லி ஒலிபெருக்கி மட்டும் தரவில்லை.

மற்ற நாற்பது பேரின் விவரங்களையும் மறுபடி தொகுத்தோம். இரண்டாம் முறை கேட்டபோது சிலரது உயரம் குறைந்தது. ஒருவரது சம்பளம் பாதியாயிற்று. உண்மை பெருகியது என்றே கொள்ளவேண்டும். இணையதளம் இப்போதும் நடக்கிறது. சாவியின் முற்பாதி என்னிடம், பிற்பாதி முத்துலெட்சுமியிடம் என்று பிரின்சி பிரித்துக் கொடுத்துவிட்டாள். முழுச்சாவியின் நகல் ஒன்று அவளிடம் உண்டு. ஆகவே எங்களுக்குள் சண்டை நடக்கும் நாட்களில் சங்கத்து வேலை நின்றுபோவதில்லை. இன்னொரு மாற்றம் தங்கபுஷ்பம் கேட்டுச் செய்தது. 'பிற விவரங்கள்' என்ற கட்டத்தில் இப்போது எழுத இடமே இல்லை. 'நேரில் சொல்வேன்' என்று ஒரு வரியும், அதன் பக்கத்தில் குறியிட ஒரு சிறு சதுரமும் மட்டும் உண்டு. பெரும்பாலோர் அதில் குறியிடுகிறார்கள்.

எங்கள் வீட்டிலும் அது பேச்சாகிவிட்டது. அதிரசத்தில் இரண்டு குறைகிறதே என்று மனைவி கேட்டால் நானும், ஏன் இவ்வளவு தாமதம் என்று மகன் கேட்டால் பிரின்சியும், "நேரில் சொல்வேன்" என்றுதான் விடையளிக்கிறோம்.

ஆயினும் அதனைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிந்தவள் தங்கபுஷ்பம் ஒருத்தியே. பண்டிகைக்குக் கணவரோடு வரும்போதெல்லாம், முத்துலெட்சுமி அவள் கையைப் பிடித்து அருகில் இருத்திக்கொண்டு, "அன்னைக்கு மாட்டுங்கால அவரு ஒங்கிட்ட என்னதாம்ட்டி சொன்னாரு?" என்று கேட்பாள். சுடலைமணி அவசரமாகச் செய்தித்தாளை எடுத்துக்கொள்வார். தங்கபுஷ்பம், முழங்கால் முழங்காலில் இடிக்க அமர்ந்தபடியே, என் மனைவியின் கண்ணைப் பார்த்துச் சொல்வாள்:

"நேர்ல சொல்லுதேன் மைனி."